எண் ஒன்று, மதிப்பு வேறு

செருமனி நாட்டின் தென்கோடியில், போதன்சே என்னும் பேரேரியின் கரையில், கான்சுதான்சு என்றொரு நகர் உள்ளது. அதனோடு தெருவுக்குத் தெரு ஒட்டி வளர்ந்த மற்றொரு நகர் கிரேய்ட்சுலிங்கன். புதியவர் ஒருவர் நடந்து சென்றால், எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றொன்று தொடங்குகின்றது என்று எளிதிற் சொல்லிவிட மாட்டார். ஆயினும் முன்னது செருமனிக்குரியது, பின்னது சுவிட்சர்லாந்துக்குரியது. இருநகர்ப் பள்ளிகளிலும் பாடம் சொல்லும் மொழி செருமன் மொழியே. கான்சுதான்சில் பயிலும் சிறுவன் கணக்குத் தேர்வில் 6 என்னும் எண்ணைப் பெற்று வந்தானாயின், அன்று அவன் வீட்டில் எவரும் முகம் கொடுத்துப் பேசார். ஏனெனில் அங்கு 1 என்பதே தலையாயது. 6 என்பது கடைப்பட்டது. அதே நாளில், கூப்பிடு தொலைவில் உள்ள கிரேய்ட்சுலிங்கனில் அவன் வயதொத்த சிறுவன் அதே 6-ஐப் பெற்றுவந்தால் அவ்வீட்டில் விருந்து. அங்கு 6 முதல், 1 கடை. இடையில் நிற்கும் 4 மட்டுமே இருகரைக்கும் பொது. இரண்டிடத்தும் அது 'தட்டுத் தடுமாறித் தேறினான்' என்பதற்கான கடைசிப் படி.

மொழி ஒன்று, எழுத்து ஒன்று, ஏரி ஒன்று, எண்ணும் ஒன்று. மதிப்போ தலைகீழ்! எண்ணுக்குத் தன்னளவில் பொருளில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சொல்லுக்குப் பொருள் எவ்வாறு ஒரு மக்கட் கூட்டத்தின் வழக்காற்றில் அமைகின்றதோ, அவ்வாறே மதிப்பெண்ணுக்கும் அமைகின்றது. ஓர் ஊர்ச் சொல்லை அவ்வூர் வழக்கறியாதான் தன் வழக்கிற் பொருள்கொண்டு சினந்தால் அவனை அறிவிலி என்போம். ஆனால் ஓர் ஊர் மதிப்பெண்ணை வேற்றூர்க் கோலால் அளந்து, ஒரு பிள்ளையின் வாழ்வையே முடிவுசெய்வாரை 'ஆய்வாளர்' என்றும் 'சேர்க்கைக் குழுவினர்' என்றும் பெயரிட்டு மதித்துக் கொண்டிருக்கின்றோம்.

உலகைச் சிறிது சுற்றி வரலாம். ஆத்திரியாவில் 1 முதல் 5 வரை. அங்கும் 1 தலையாயது, 5 தோல்வி. போலந்தில் 6 முதல், 1 கடை. பின்லாந்துப் பள்ளிகளிலோ எண்ணிக்கை 4-இல் தொடங்கி 10-இல் முடியும். 4 பெற்றவன் தோற்றவன். சுழியும் ஒன்றும் இரண்டும் மூன்றும் அங்குள்ள பிள்ளைகட்கு மதிப்பெண்களே அல்ல. தோற்றவனுக்கும் கையில் நான்கைக் கொடுத்து அனுப்பும் அவ்வழக்கம் இரக்கத்தால் வந்ததோ வேறெதனால் வந்ததோ, கேட்க நன்றாகத்தான் இருக்கின்றது.

பிரான்சு நாட்டார் இருபதைக் கொண்டு அளப்பர். 10 பெற்றால் தேர்ச்சி. பள்ளியிறுதித் தேர்வில் 12 பெற்றவன் 'ஓரளவு நன்று' என்னும் சிறப்புக் குறிப்பையும், 14 பெற்றவன் 'நன்று' என்பதையும், 16 பெற்றவன் 'மிக நன்று' என்பதையும் அடைவான். நம்மவர் கணக்கில் இருபதுக்குப் பன்னிரண்டு என்பது நூற்றுக்கு அறுபது. 'அறுபதுதானா?' என்று உதட்டைப் பிதுக்கும் தந்தையர் பிரான்சில் பிறந்திருந்தால், அவ்வறுபதுக்கு அரசே சான்றிதழிற் சிறப்புக் குறிப்பு எழுதித் தருவதைக் கண்டிருப்பர். 'இருபது கடவுளுக்கு, பத்தொன்பது ஆசிரியர்க்கு' என்று அந்நாட்டில் ஒரு சொல்வழக்கு உண்டென்பர். முழு மதிப்பெண் என்பது மாந்தன் எட்டுவதற்காக வைக்கப்பட்டதன்று, அண்ணாந்து பார்ப்பதற்காக வைக்கப்பட்டது என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது.

டென்மார்க்கின் செய்தி இவற்றினும் விந்தையானது. 1963 முதல் அந்நாட்டில் வழங்கிய அளவையில் 13 என்பது உச்சம்; அதற்கு அடுத்தது 11. பன்னிரண்டு என்னும் எண்ணே அதில் இல்லை. கற்பித்ததையெல்லாம் பிழையின்றி ஒப்புவித்தவனுக்குப் 11. கற்பித்ததைக் கடந்து தன்னெண்ணத்தால் ஒன்றைப் புதிதாகக் கண்டு காட்டியவனுக்கே 13. இடையிலிருந்த வெற்றிடம், 'இது அடுத்த படியன்று, தாவவேண்டிய பள்ளம்' என்று மாணவனுக்குச் சொல்லிற்று. அழகிய ஏற்பாடு! ஆனால் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தார்க்கு இது விளங்கவில்லை. ஐரோப்பிய நாடுகளுக்குள் மாணவர் பெயர்ந்து சென்று படிக்கும் நிலை பெருகவே, வெளியார் அளவையோடு பொருந்துமாறு 2006, 2007-ஆம் ஆண்டுகளில் டென்மார்க் தன் எண்களை மாற்றிக்கொண்டது. புதிய அளவை 12, 10, 7, 4, 02, 00, அதன்கீழ்க் கழித்தல் மூன்று என ஏழே படிகளையுடையது. இரண்டையும் சுழியையும் முன்னே ஒரு சுழியிட்டு எழுதுவது எதற்கென்றால், எவனேனும் 2-க்கு முன்னே ஒரு கோடிழுத்துப் பன்னிரண்டாக்கிவிடக் கூடாது என்பதற்கே. திருட்டுக்கு அஞ்சிப் பூட்டுப் போட்டார்கள். தன்னெண்ணத்துக்கு வைத்திருந்த பதின்மூன்றைப் போக்கிவிட்டார்கள். வெளியார்க்கு விளங்கவேண்டும் என்பதற்காகத் தன்னுடையதைத் திருத்திக்கொள்ளும் நாடு, திருத்தும்போது எதை இழக்கின்றது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

எண்ணே இல்லாமல் மாணாக்கரைத் தரம் பிரித்த நூலொன்று தமிழில் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் செய்த நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் படித்தவர்க்கு இது தெரியும். தலைமாணாக்கர்க்கு அன்னத்தையும் ஆவையும், இடைமாணாக்கர்க்கு மண்ணையும் கிளியையும், கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றையும் அவர் உவமை கூறினார். இதனைப் பள்ளியில் நெட்டுருச் செய்து ஒப்புவித்ததோடு பலரும் மறந்துவிட்டனர். ஆனால் இதில் அடங்கியுள்ள ஆழத்தை உலக அளவைகளோடு ஒப்பிட்டால்தான் உணரலாம். கடைமாணாக்கன் ஏன் கடையானான் என்பதை அவ்வுவமை சொல்கின்றது. ஊற்றிய நீரெல்லாம் ஒழுகிவிடும் ஓட்டைக்குடம் போன்றவனுக்குக் குறை நினைவாற்றலில். ஒரு செடியில் நின்று மேயாமல் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கடித்தோடும் ஆடு போன்றவனுக்குக் குறை நிலையாமையில். நெய்யை விட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் நெய்யரி போன்றவனுக்குக் குறை பகுத்தறிவதில். குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை போன்றவனுக்கோ குறை ஆசிரியரை நடத்துவதில். நூற்றுக்கு 38 என்று எழுதிக் கொடுத்தால் அவன் ஓட்டைக்குடமா, ஆடா, நெய்யரியா என்று எவர் அறிவார்? மூவர்க்கும் மருந்து வேறு வேறு. எண்ணோ ஒன்றே.

இன்னொன்றையும் நோக்கவேண்டும். அதே பாயிரத்தில் ஆசிரியர்க்கும் உவமைகள் உள. நிலம், மலை, மலர் ஆகியவற்றோடு துலாக்கோலும் அவற்றுள் ஒன்று. மாணவனை நிறுப்பதற்கு முன் ஆசிரியனைக் கோலாக நிற்கச் சொன்னது அந்நூல். கோல் கோணினால் நிறையும் கோணும் என்பது அதன் உட்கருத்து.

அமெரிக்காவில் மதிப்பிடும் முறை தொடங்கிய வரலாறும் ஏறத்தாழ இதே தடத்தில்தான் செல்கின்றது. 1785-இல் யேல் கல்லூரித் தலைவராயிருந்த எசுரா இச்டைல்சு என்பார் 58 மாணவரைத் தேர்வுசெய்து, தம் நாட்குறிப்பில் இலத்தீன் சொற்களால் நான்கு கூட்டமாக வகுத்தெழுதினார். இருபதின்மர் மிகச் சிறந்தோர், பதினாறு பேர் அவர்க்கு அடுத்தோர், பன்னிருவர் தாழ்ந்தோர், பதின்மர் மிகத் தாழ்ந்தோர். எண்ணில்லை, எழுத்துமில்லை, சொல்லே இருந்தது. எழுத்து வந்தது பின்னர். மவுண்ட்டு ஓலியோக்கு என்னும் மகளிர் கல்லூரி 1897-இல் ஏ, பி, சி, டி, ஈ என்னும் எழுத்துகளை வைத்தது. ஏ பெற 95 வேண்டும். 75-க்குக் குறைந்தால் ஈ, அதாவது தோல்வி. மறு ஆண்டே தோல்விக்கு எஃப் என்னும் எழுத்து வந்தது. இன்று அமெரிக்கப் பள்ளிகளிற் பெரும்பாலும் டி-க்கு அடுத்து எஃப். நடுவே ஈ இல்லை.

அவ்வெழுத்துகள் எத்துணை உறுதியானவை? 1912, 1913-ஆம் ஆண்டுகளில் தானியேல் இச்டார்ச்சு, எட்வர்டு எல்லியட்டு என்னும் இருவர் இதனை ஆராய்ந்தனர். ஒரே விடைத்தாளைப் படியெடுத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்க்கு அனுப்பித் திருத்தித் தரச் சொன்னார்கள். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் ஒருவர்க்கும் ஒருவர்க்கும் முப்பதுக்கு மேல் வேறுபட்டது. 'கட்டுரையில் அப்படித்தான் இருக்கும், கணக்கில் இராது' என்றனர் சிலர். வடிவக்கணக்குத் தாளை அனுப்பினர். அதில் வேறுபாடு இன்னும் பெரிது! ஒருவர் முப்பதுக்குக் கீழே கொடுத்த தாளுக்கே இன்னொருவர் தொண்ணூறுக்கு மேல் கொடுத்திருந்தார். படிகளுக்கு ஒருவர், தெளிவுக்கு ஒருவர், இறுதி விடைக்கு ஒருவர் என்று ஒவ்வொருவரும் தம்தம் கோலைக் கையில் வைத்திருந்தனர். நூறாண்டுக்கு மேலாயிற்று. கோல்கள் இன்றும் பலவே.

எழுத்துக்கு வந்த வேறொரு நோய் வீக்கம். காசை மிகுதியாக அச்சடித்தால் அதன் வாங்குதிறன் குறைவது போல, ஏ-யை மிகுதியாக வழங்கினால் ஏ-யின் மதிப்புக் குறையும். ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தில் மிகுதியாக வழங்கப்படும் மதிப்பீடு ஏ என்று 2013-இல் அதன் முதன்மையர் ஒருவரே ஒப்புக்கொண்டார். பிரின்சுடன் பல்கலைக்கழகம் 2004-இல் ஏ பெறுவோர் 35 விழுக்காட்டை மிகலாகாது என்று அணைகட்டிப் பார்த்தது. தம் மாணவர் வேலைக்குச் செல்லுமிடத்தில் வீக்கமுற்ற பிற கல்லூரி மாணவரோடு நின்று தாழ்வெய்துகின்றனர் என்னும் முறைப்பாடு எழவே, 2014-இல் அவ்வணையைத் தானே உடைத்தது. உண்மை பேசுவோன் ஒருவன் மட்டும் உண்மை பேசினால் அவனுக்கே கேடு என்னும் நிலை அது.

'எண்ணே வேண்டா' என்று எறிந்து பார்த்த நாடும் உண்டு. உருசியாவில் புரட்சி நடந்த மறு ஆண்டு, 1918-இல், பள்ளிகளில் மதிப்பெண் முறையே ஒழிக்கப்பட்டது. பிள்ளைகளைத் தட்டிலிட்டு நிறுப்பது பழைய ஆட்சியின் கொடுமை என்றனர். பதினேழாண்டுகள் கழிந்தபின் 1935-இல் 'மிகச் சிறந்தது', 'நன்று', 'போதும்' என்பன போன்ற சொற்களாக அது மீண்டும் வந்தது. 1944-இல் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்று எண்களும் திரும்பின. கதவைச் சாத்தியவர்களே திறந்துவிட்டார்கள். எண்ணில்லாமற் பெரும்பள்ளிகளை நடத்துதல் அரிது என்பதை இது காட்டுகின்றது. ஆதலால் எண்ணை ஒழிக்கவேண்டும் என்பது ஈண்டு எழுப்பும் வழக்கன்று. எண்ணை அது பிறந்த இடத்தில் வைத்துப் படிக்கவேண்டும் என்பதே.

தமிழ்நாட்டில் வழங்கும் முறை எங்கே பிறந்தது? 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்பன ஆங்கிலேயர் நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவை. அவர்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இன்று 70 பெற்றால் முதல் வகுப்பு, பெரும்பாலும் 40 பெற்றால் தேர்ச்சி. இங்கே முதல் வகுப்பு 60-இல் நின்றது. பள்ளித் தேர்ச்சி 35-இல் நின்றது. 'ஆங்கிலேயன் தன் மக்களுக்கு 65 வைத்தான். நம்மவர்க்கு அதிற் பாதி அறிவே உண்டென்று 33 வைத்தான்' என்று மேடைகளிற் சொல்லப்படும் கதையைப் பலரும் கேட்டிருக்கலாம். அதனைச் சொல்வோர் ஆவணம் காட்டுவதில்லை. ஆங்கிலேயன் செய்த உண்மையான கொடுமைகள் ஆவணத்தோடு மலைபோற் குவிந்துள்ளபோது, சான்றில்லாத ஒன்றைச் சேர்த்துக் கட்டி நம் வழக்கை நாமே மெலிவித்தல் ஆகாது.

வேரூன்றிய நாட்டிலேயே அவ்வளவை எவ்வாறு முறிந்தது என்பதை 2020-ஆம் ஆண்டு காட்டிற்று. கொரோனாக் கொள்ளைநோயால் அவ்வாண்டு இங்கிலாந்தில் பள்ளியிறுதித் தேர்வு நடைபெறவில்லை. ஆசிரியர்கள் தம் மாணவர் பெறத்தக்க தரத்தை எழுதிக் கொடுத்தனர். அரசின் தேர்வுக் கண்காணிப்பு அமைப்போ அதனை அப்படியே ஏற்காமல், அந்தந்தப் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சி நிலையையும் கணினியிலிட்டுக் கணக்கிட்டது. ஆகசுட்டு 13-இல் முடிவு வெளியாயிற்று. ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டுத் தரங்கள் ஆசிரியர் எழுதியதினும் கீழே இறக்கப்பட்டிருந்தன. ஏழையர் பகுதிப் பள்ளியில், முன்னே எவரும் பெறாத சிறப்பைப் பெறும் தகுதியுடைய ஒரு பிள்ளை இருந்தால், 'உன் பள்ளியில் இதுகாறும் எவரும் பெறவில்லை. ஆதலால் நீயும் பெறமாட்டாய்' என்றது கணினி. மாணவர் மிகச் சிலரே உள்ள வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் எழுதியது நின்றது; அத்தகைய சிறுவகுப்புகள் மிகுதியாக இருந்தவை கட்டணப் பள்ளிகள். மாணவர் தெருவுக்கு வந்தனர். நான்கே நாளில், ஆகசுட்டு 17-இல், அரசு அக்கணக்கைக் கைவிட்டது. எழுதாத தேர்வுக்கு, தான் பிறப்பதற்கு முன்பிருந்தே நடந்துவரும் பள்ளியின் பெயரால் மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் அவர்கள்.

ஒரு நாட்டு எண்ணை மற்றொரு நாட்டு எண்ணாக மொழிபெயர்க்கும் வேலையும் இப்போது பெரிதாக நடக்கின்றது. தமிழ்நாட்டிலிருந்து பொறியியல் மேற்படிப்புக்குச் செருமனி செல்லும் இளைஞர் பலர். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் கையாளும் 'பவேரிய வாய்பாடு' என்பதைப் பெரும்பாலார் விண்ணப்பம் திரும்பி வந்தபிறகே கேள்விப்படுகின்றனர். முழு மதிப்பெண்ணிலிருந்து மாணவன் பெற்றதைக் கழி. முழு மதிப்பெண்ணிலிருந்து தேர்ச்சிக்கு வேண்டியதைக் கழி. முன்னதைப் பின்னதால் வகுத்து, மூன்றாற் பெருக்கி, ஒன்றைக் கூட்டு. அவ்வளவே. 70 பெற்ற ஒருவனை இதிலிட்டுப் பார்ப்போம். அவன் படித்த இடத்தில் தேர்ச்சிக்கு 35 போதுமென்றால் அவனுக்குச் செருமன் கணக்கில் 2.38. தேர்ச்சிக்கு 50 வேண்டுமென்றால் 2.8. பல மேற்படிப்புகட்கு 2.5 என்பது வரம்பு. அங்கு எண் குறைந்தாலே தரம் உயர்வு என்பதை மறவாதீர். ஆகவே தேர்ச்சி வரையைத் தாழ்த்தி வைத்த கல்லூரி மாணவன் உள்ளே. உயர்த்தி வைத்த கல்லூரி மாணவன் வெளியே. இருவர் பெற்றதும் எழுபதே. முழு நூறும் எங்கும் எட்டக்கூடிய எண் என்று அவ்வாய்பாடு எண்ணிக்கொள்கின்றது. எழுபத்தைந்துக்கு மேல் எவர்க்கும் கொடுக்காத கண்டிப்பான ஆசிரியரிடம் எழுபது பெற்றவனும், எல்லார்க்கும் தொண்ணூறு வழங்கும் வள்ளலிடம் எழுபது பெற்றவனும் அதற்கு ஒன்றே.

இக்கண்டிப்புக்கும் வள்ளன்மைக்கும் உள்ள வேறுபாடு ஒரு பள்ளிக்குள்ளேயே, ஒரே மதிப்பெண் பட்டியலுக்குள்ளேயே இருப்பதைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் நன்கறிவர். மேனிலைப் பள்ளியில் மொத்தம் 1200 மதிப்பெண் என்று இருந்த காலத்தில் (2018-ஆம் ஆண்டோடு அது முடிந்தது), முதற்பாடமாகத் தமிழை எடுத்தவனும் பிரெஞ்சை எடுத்தவனும் அதே 200-க்குத் தேர்வெழுதினர். தமிழ்த்தாளில் செய்யுளும் உரைநடையும் இலக்கணமும் கட்டுரையும். பன்னிரண்டு ஆண்டுக் கல்வி முழுதும் அங்கே ஆராயப்படும். பிரெஞ்சுத்தாளோ அம்மொழியைப் புதிதாகத் தொடங்கியவர்க்குரிய எளிய நிலையினது. திருத்துவோர் கையும் வேறு. தமிழாசிரியர் ஒற்றுப்பிழைக்கு ஒன்று குறைப்பார். கட்டுரைக்கு முழு மதிப்பெண் போட அவர்க்குக் கை எழாது. அது தமிழின்பாற் கொண்ட மதிப்பால் வந்த கண்டிப்பு. விளைவு என்ன? 'தமிழில் மதிப்பெண் வராது. பிரெஞ்சில் அள்ளலாம்' என்று கட்டணப் பள்ளிகள் பிள்ளைகளைத் திருப்பின. தமிழ்ப்பெற்றோர் வயிற்றிற் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளை, பாரிசு மாநகரைக் கனவிலும் காணாத பிள்ளை, தாய்மொழியை விட்டு அயன்மொழி அரிச்சுவடியை நெட்டுருச் செய்தது. மொழிவெறுப்பால் அன்று, இருபது மதிப்பெண்ணுக்காக! 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரையில் இதற்கு வரம்பு கட்டியது. அதற்குமேல் உள்ள இரண்டாண்டுகளை அது தொடவில்லை.

கடினமான தாளையும் எளிய தாளையும் ஒப்பவைக்க வழியே இல்லையா எனின், உண்டு. சப்பானில் 'என்சாச்சி' என வழங்கும் விலக்க எண் அத்தகையது. தேர்வெழுதினார் அனைவர் மதிப்பெண்ணையும் நிரவி, அந்நிரவலை (சராசரியை) 50 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவனும் அதிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே விலகி நிற்கின்றான் என்று கணக்கிடுவர். தாள் கடினமானால் நிரவலும் இறங்கும்; ஆகவே மாணவனுக்கு இழப்பில்லை. ஆனால் அவ்வெண் அறிவின் பெயராகவே மாறிவிட்டது. 'அறுபதுப் பள்ளி', 'நாற்பதுப் பள்ளி' என்று பள்ளிகட்கும் அது முத்திரையாயிற்று. 1993-இல் அந்நாட்டரசு, விலக்க எண்ணைக் கணக்கிட்டு விற்கும் வணிகத் தேர்வுகளை இடைநிலைப் பள்ளிகளிலிருந்து விலக்கிற்று. பயிற்சி நிலையங்களில் இன்றும் அது ஆட்சி செய்கின்றது.

இக்கணக்கின் அடியில் மறைந்துள்ள ஓர் எண்ணத்தை விழிப்போடு பார்க்கவேண்டும். இரண்டு கூட்டத்தாரைத் தனித்தனியே நிரவி, இரண்டின் நிரவலையும் ஓரெண்ணாக ஆக்கினால், 'இரு கூட்டமும் ஒத்த அளவே கற்றவை. மதிப்பெண் வேறுபாடெல்லாம் தாளின் குறையே' என்று முன்னதாகவே முடிவு கட்டிவிட்டோம் என்பது பொருள். தாள்கள் மெய்யாகவே வேறாயின் அது முறை. தாள் ஒன்றேயாயின்?

அக்கேள்விக்கு விடை இலங்கைத் தீவில் எழுதப்பட்டது. அங்குப் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு நான்கு பாடங்கட்கு 400 மதிப்பெண்ணாக நடந்தது. தமிழ்ப்பிள்ளைகள் தமிழிலும் சிங்களப் பிள்ளைகள் சிங்களத்திலும் எழுதினர். வினாக்கள் அவையே. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தமிழ்மாணவர் பாதியளவுக்கு நெருங்கித் தெரிவாகி வந்தனர். 1970-இல், தமிழ்த்தாள் திருத்துவோர் தம்மவர்க்கு அள்ளி வழங்குகின்றனர் என்றொரு புறங்கூற்றுப் பரப்பப்பட்டது. அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் அடுத்த சேர்க்கைக்கு ஆணை வந்தது. மருத்துவத்துக்குச் சிங்களத்தில் எழுதியவனுக்கு 229 போதும். தமிழில் எழுதியவனுக்கு 250 வேண்டும். பேராதனைப் பொறியியலுக்கு அவனுக்கு 227, இவனுக்கு 250.

1973-இல் இவ்வெளிப்படையான இருவரம்பு நீங்கி, அதனிடத்தில் 'தரப்படுத்தல்' வந்தது. எழுதிய மொழிவாரியாக மதிப்பெண்களை நிரவி, ஒவ்வொரு மொழியிலும் தேர்வெழுதினோர் தொகைக்கேற்பவே தெரிவாவோர் தொகையும் அமையுமாறு செய்யும் கணக்கு அது. சப்பானிய ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய அதே கணக்குத்தான்! பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழையில்லை. 1974-இல் மாவட்டவாரிப் பங்கீடும் அதன்மேல் ஏறியது. நல்ல பள்ளி இல்லாத பின்தங்கிய மாவட்டங்களுக்கு அதனால் நன்மை விளைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அம்மாவட்டங்களுள் தமிழ் மாவட்டங்களும் இருந்தன. பின்தங்கியவனுக்கு இடங்கொடுத்தல் வேறு. ஒருவன் எழுதிய மொழியைக் கொண்டு அவன் பெற்ற எண்ணைக் குறைத்தல் வேறு. அவ்வாண்டிற் பொறியியலிற் சேர்ந்த தமிழர் பங்கு ஏறத்தாழ ஆறில் ஒன்றாக இறங்கியிருந்தது. 1977-இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது.

யாழ்ப்பாணத்து வீடொன்றில், மண்ணெண்ணெய் விளக்கொளியில் இரவெல்லாம் படித்து 249 பெற்ற மாணவனை எண்ணிப் பார்க்கலாம். கொழும்பில் 229 பெற்றவன் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகின்றான், இவனுக்கு இடமில்லை. இவன் எந்த வினாவுக்கு விடை தவறினான் என்று எந்த ஆசிரியரும் சொல்ல முடியாது. 1970-ஆம் ஆண்டிலேயே அங்குத் தமிழ் மாணவர் பேரவை என்னும் அமைப்புத் தோன்றிவிட்டது. அதில் முதலில் வந்து சேர்ந்தவர்கள் பள்ளிச் சீருடை கழற்றாத பிள்ளைகள்.